ஆணி அடிக்கக் கூடாத வீடு

அத்தியாயம் 14

"அப்படி என்னதான் அவசரம் இந்த ரமணிக்கு?" என்று போன வாரம் நீங்கள் முணுமுணுத்தது எனக்குக் கேட்காமல் இல்லை. அவசரம்தான், ஒத்துக்கொள்கிறேன். பழைய வீடுகளை அப்படியே காக்க வேண்டும் என்று மாநகர் மன்றம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் வட்டாரம் அது. அங்கே, பினாங்கின் குயின் ஸ்திரீட்டில், மாடி முகப்பின் மரச் சன்னலைக் கழற்றிவிட்டு அலுமினியச் சன்னலை மாட்டினால் சும்மா விடுவார்களா? விட மாட்டார்கள் என்று ரமணிக்கும் தெரியும். அனுமதி கேட்டுவிட்டுக் காத்திருக்கத்தான் அவளும் நினைத்தாள்.

ஆனால் வயிற்றுப் பிள்ளை காத்திருக்குமா? மகள் சாந்தினிக்கு ஏழாம் மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பத்து காவானில், மாமியார் வீட்டில் வளைகாப்பு. அது முடிந்த கையோடு தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருகிறாள். வாயும் வயிறுமாக ஒருத்தி வந்து தங்கிவிட்டால், அந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. சுவரில் ஓட்டை போடக் கூடாது. நிலையைக் கழற்றக் கூடாது. இந்த விஷயத்தில் மட்டும் தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற வித்தியாசமே நம் ஊரில் கிடையாது.

ஆகவே எதைச் செய்தாலும் அவள் படியேறுவதற்குள் செய்துவிட வேண்டும். ரமணியின் தம்பி மோகனராஜ் மாக் மண்டினில் அலுமினியப் பட்டறை வைத்திருக்கிறான். "தாய்மாமன் சீரு அக்கா, நீ வாயத் திறக்காத," என்று சொல்லி ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போனான். ஊரில் தாய்மாமன்கள் பட்டுப்புடவை கொடுப்பார்கள், வளையல் கொடுப்பார்கள். இந்த மகராசன் கறுப்புக் கண்ணாடி போட்ட இழுவைச் சன்னல் கொடுத்தான்.

வியாழக்கிழமை காலை, மாநகர் மன்றத்து அதிகாரி நோர்மா படியேறி வந்தார்.

நாற்பது வயதிருக்கும். சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரமணிக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"காக், இந்த வரிசையில் எல்லா மாடியிலும் மரச் சன்னல். உங்கள் வீட்டில் மட்டும் கறுப்புக் கண்ணாடி. ரோட்டு முனையிலிருந்தே தெரிகிறதே," என்றார் மலாயில். காக் என்றால் அக்கா.

ரமணி தனக்குத் தெரிந்த பசார் மலாயில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். பழைய கதவு சரியாக மூடவில்லை. சாய்ந்த சட்டங்களுக்கு நடுவே மழைச் சாரல் அடிக்கிறது. கீழே புடவைக் கடைப் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது. ஏர்கோன் போட்டால் குளிரெல்லாம் சட்டங்களின் இடுக்கு வழியாக ரோட்டுக்குப் போய்விடுகிறது. பச்சைப் பிள்ளை எப்படித் தூங்கும்?

"மரச் சன்னல் வெளியே அப்படியே இருக்கட்டும், உள்பக்கம் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. நீங்கள் கேட்டிருந்தால் நாங்களே சொல்லியிருப்போம், காக்."

கேட்டிருந்தால்! ரமணி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய புருஷன் புவனேஸ்வரன் இதற்காகவே தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு மூலையில் நின்றிருந்தார். அவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய எந்தப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

நோர்மா அறைக்குள் எட்டிப் பார்த்தார். புது மெத்தை. துவைத்து மடித்த குழந்தைத் துணிகள். உத்தரத்துக் கொக்கியில் கட்டித் தயாராக இருந்த தொட்டில். அவர் குரல் சற்று இறங்கியது.

"மகளுக்கா?"

"மகளுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவள் வந்துவிட்டால் ஆணி அடிக்க முடியாது. அதனால்தான் அவசரப்பட்டுவிட்டேன்."

"புரிகிறது. எங்களுக்கும் அந்தப் பந்தாங், அந்த விலக்கெல்லாம் உண்டு. என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ஒரு காலண்டர் மாட்டக்கூட என் மாமியார் விடவில்லை," என்று சிரித்த நோர்மா, உடனே தம் வேலைக்குத் திரும்பினார். "ஆனால் இந்தச் சன்னலை எடுத்தே ஆக வேண்டும். எடுத்ததும் தற்காலிகமாகப் பலகை அடித்து மூடிக்கொள்ளுங்கள். அப்புறம் பழையபடி மரத்தில், அதே மாதிரி. கழற்றிய கதவுகள் எங்கே? அவை இருந்தால் கவலையே இல்லை. பழுது பார்த்து இரண்டு நாளில் மாட்டிவிடலாம்."

ரமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு நாள்! ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடுமே! அவசர அவசரமாகத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"மோகன், அந்தப் பழைய சன்னல் கதவு பட்டறையிலதானே இருக்கு?"

"அது வந்துக்கா..."

"என்னடா இழுக்கிற?"

"புக்கிட் மெர்தாஜாம்ல நம்ம கூட்டாளி ஒருத்தன் ஆடு வளக்கிறான்லா. கொட்டகைக்குப் பலகை வேணும்னு கேட்டான். நல்ல தேக்காச்சேன்னு தூக்கிக் குடுத்துட்டேன்."

"போய் வாங்கிட்டு வாடா!"

"வாங்கலாம்... ஆனா அறுத்துட்டான்க்கா. ஆடு முட்டுதுன்னு சொல்லி, அளவா அறுத்து வேலி அடிச்சிட்டான்."

ரமணி போனைக் கீழே வைத்தாள். ஆட்டுக் கொட்டகைக் கதையைச் சன்னலைப் பார்த்தபடியே மலாயில் சொல்லி முடித்தாள். நோர்மாவுக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"அப்படியென்றால் புதிதாகத்தான் செய்ய வேண்டும். இந்த மாதிரிச் சட்டம் வைத்துச் செய்கிற தச்சர்கள் கையில் எப்போதும் வேலை இருக்கும். எப்படியும் இரண்டு மாதம் ஆகும், காக்."

இரண்டு மாதம். அதாவது சாந்தினி பிள்ளை பெறுகிற நேரம். அவள் இங்கே இருந்தால் சன்னல் மாட்ட முடியாது. சன்னலை மாட்டினால் அவள் இங்கே இருக்க முடியாது. நோர்மா பாவம், நல்ல மனுஷி. கால அவகாசம் தரும்படி மேலதிகாரியிடம் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் கிடைக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கிளம்பினார்.

அவர் கீழே இறங்குகிற வரைக்கும் புவனேஸ்வரன் பொறுத்திருந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல?"

"என்ன சொன்னீங்க?"

அவர் அப்போது ஒன்றுமே சொல்லவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. பேசாம அங்கேயே பிரசவம் பாத்துக்கட்டும். புது வீடு, புது ரோடு, பக்கத்துலேயே ஆஸ்பத்திரி. மாப்பிள்ளை தனேஷ் தங்கமான புள்ள. சம்பந்தியம்மா அவள உள்ளங்கையில வச்சுத் தாங்குறாங்க. உனக்கு என்ன குறை?"

"எனக்குக் குறைதாங்க," என்றாள் ரமணி.

"என்ன?"

"என் பிள்ளை என்கூட இல்லைங்கிற குறை." அவள் குரல் உடைந்தது. "பதினேழு வயசுல பெட்டியத் தூக்கிக்கிட்டுப் படிக்கப் போனா. அப்புறம் ஜொகூர். அப்புறம் கேஎல்ல வேலை. அப்புறம் கல்யாணம். நடுவுல எப்ப வந்தாலும் ரெண்டு ராத்திரி, மூணு ராத்திரி. வந்து நிக்கும்போதே திரும்பிப் போற பஸ்ஸு மணியச் சொல்லுவா. பெத்த மகளுக்கு நான் விருந்து வச்சு வச்சு அனுப்பியிருக்கேங்க. அவளுக்கு இப்ப காப்பி எப்படிப் போடணும், எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பா, எதுவும் எனக்குத் தெரியாது. இந்த மூணு மாசம்தான் எனக்குக் கிடைச்சது. அதையும் நானே கெடுத்துக்கிட்டேன்."

புவனேஸ்வரன் பேப்பரை எடுத்தார். எடுத்துவிட்டுப் படிக்காமல் மடித்து வைத்தார். மகள் ஜொகூருக்குப் போன புதிதில் அவளுடைய கட்டிலில் போய் உட்கார்ந்து அழுத மனுஷன்தான் அவர். ரமணிக்குத் தெரியாது என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மதியத்துக்கு முன்பே மோகனராஜ் ஒரு வேலையாளோடு லோரியில் வந்து சேர்ந்தான். முகத்தில் அசடு வழிந்தது.

"மாமா, திட்டுறதுன்னா இப்பவே திட்டிடுங்க. அப்புறம் வேலை செய்யும்போது திட்டாதீங்க, கை நடுங்கும்."

"உன்னத் திட்டி என்னடா ஆகப்போகுது? மொதல்ல எடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுக்கிறதையாவது எடுத்து முடி," என்றாள் ரமணி.

திருகுகளைக் கழற்றினார்கள். கண்ணாடிகளை இறக்கினார்கள். கடைசியில் சட்டத்தையும் பெயர்த்துக் கீழே கொண்டுபோய் லோரியில் ஏற்றினார்கள். சுவரில் ஆள் உயரத்துக்குப் பெரிய திறப்பு ஒன்று மிஞ்சியது. அவ்வளவுதான், தெருவே அறைக்குள் வந்துவிட்டது. வெயில், புடவைக் கடைப் பாட்டு, மாரியம்மன் கோயில் மணி, எதிர்க் கடையில் வடை பொரியும் வாசனை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழைந்தன. குழந்தைத் துணி மேலெல்லாம் தூசி படிந்தது. ரமணி துணிகளை வாரிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

பூட்டிய கையோடு தன்னுடைய பையை எடுத்தாள். நாலு சேலை, ஒரு துண்டு, பிரசவ மருந்துக்கு வாங்கி வைத்திருந்த சாமான்.

"எங்க கிளம்பிட்ட?"

"அவதான் இங்க வர முடியாது. நான் அங்க போறேன்."

"எங்க? சம்பந்தி வீட்டுக்கா?" புவனேஸ்வரன் எழுந்தே நின்றுவிட்டார். "பொண்ணு குடுத்த வீட்டுல போயி மாசக்கணக்குல உக்காந்து கைய நனைக்கப் போறியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"பேசட்டுங்க. அந்த நாலு பேரும் என் மகளுக்குத் தலைவாரிப் பின்னல் போடப் போறாங்களா? வாசல்ல பாய் போட்டுக் குடுத்தாலும் படுத்துக்குவேன். எனக்கு வீடு வேணாம், சன்னல் வேணாம், ஒரு எழவும் வேணாம். என் பிள்ளை பக்கத்துல இருந்தா போதும்."

எனக்குத் தெரிந்து ரமணி புருஷனை எதிர்த்து இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை. மோகனராஜ் சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் பலகையைப் பார்த்தான்.

"நீ என்னடா பாக்கிற? பலகைய அடி," என்றாள் அக்கா.

முதல் ஆணி இறங்கும் சத்தத்துக்கு நடுவே அவள் மகளுக்குப் போன் செய்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

"அம்மா..."

"சாந்தி, நல்லா கேட்டுக்கம்மா. ஞாயித்துக்கிழமை நீ இங்க வர வேணாம்."

ஆணிச் சத்தத்துக்கு ரமணி இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"கேக்குதா? சன்னலு பிரச்சினையாயிருச்சு, மறுபடியும் மாட்ட ரெண்டு மாசம் ஆகும்ங்கிறாங்க. அதனால நீ வர வேணாம், நான்தான்..."

"வர வேணாமாம்மா?"

சின்ன வயதில் கீழே விழுந்தால், அடிபட்டதா இல்லையா என்று அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு அழுவாளே, அந்தக் குரல்.

"ஏன்டி அழற? நான் அங்க வர்றேன்டி. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அத்தைகிட்ட போனைக் குடு."

"அத்தை இங்க இல்லம்மா." அப்போது மகளின் குரலுக்குப் பின்னால் பாம் என்று ஒரு கனத்த சத்தம் கேட்டது. பினாங்கில் பிறந்தவர்களுக்கு அது என்ன என்று சொல்லத் தேவையில்லை. "நான் ஃபெரியில வர்றேன். இன்னும் கொஞ்சத்துல ஜெட்டித் துறை வந்துரும்."

"ஃபெரியிலயா? யார்கூட?"

"நான் மட்டும்தான். கிளினிக் போறேன்னு சொல்லிட்டு வாடகைக்குக் கிராப் காடி எடுத்து பட்டர்வொர்த் வந்துட்டேன். காலையிலேருந்து வயிறு இறுக்கி இறுக்கிப் பிடிக்குதும்மா. பயமா இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. உன்னப் பாக்கணும் போல இருந்துச்சு."

ரமணி திரும்பினாள். மோகனராஜ் இரண்டாவது ஆணியைப் பலகையில் வைத்துச் சுத்தியலை ஓங்கியிருந்தான்.

"நிறுத்துடா! அடிக்காத! எம் பொண்ணு வர்றா!"

தெருவில் போன ஒரு சுற்றுலாக்காரரும் அவர் மனைவியும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்படிக் கத்தினாள்.

புவனேஸ்வரன் அதற்குள் காடிச் சாவியோடு படியிறங்கிவிட்டார். வேட்டியை மாற்றக்கூட இல்லை. ஆனால் அந்த நேரத்தில், அந்தத் தெருக்களில், ஒருவழிப் பாதையில் ஜெட்டிக்குக் காடி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் எப்போது போய்ச் சேருவார் என்று.

மோகனராஜ் அடித்த ஒரே ஆணியையும் பிடுங்கினான். அக்கா சொல்லவில்லை, அவனாகவே பிடுங்கினான். பலகையை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தான். ரமணி அந்தத் திறப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரச் சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை. தெரு முனையிலிருந்து கோயில் கோபுரம் வரை எல்லாம் தெரிந்தது. வருகிற ஒவ்வொரு காடியையும் பார்த்தாள். வெள்ளைக் காடி நின்றது, யாரோ இறங்கினார்கள். சிவப்புக் காடி நிற்காமலே போனது. "அம்மா தாயே, ஒண்ணும் ஆகக் கூடாது, ஒண்ணும் ஆகக் கூடாது," என்று உதடு தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு கிராப் காடி புடவைக் கடை முன்னால் வந்து நின்றது. முதலில் ஒரு கை கதவைப் பிடித்தது. பிறகு மெதுவாக, வயிற்றைத் தாங்கிக்கொண்டு சாந்தினி இறங்கினாள். ஒரு சின்னப் பைதான் கையில். இறங்கியதும் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

சன்னல் எங்கே போயிற்று என்று அவள் கேட்கவில்லை. அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. அங்கே அம்மா நின்றிருந்தாள், அது போதுமாக இருந்தது.

"அம்மா!" என்று நடுத்தெருவிலிருந்து கூப்பிட்டாள்.

"வந்துட்டேன், அங்கேயே நில்லு, படியேறாத!" என்று ரமணி ஓடினாள். மோகனராஜும் பின்னாலேயே ஓடினான். சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால் அது சாந்தினியா? பாதிப் படியில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

ரமணி அவள் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள். மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். வேர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்தத் தலை வாசனை மாறவே இல்லை. எத்தனை வருஷத்துக்குப் பிறகு! ரமணிக்குச் சந்தோஷத்தில் அழுவதா, பயத்தில் அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து அழுதாள்.

"அத்தைகிட்ட ஏன்டி சொல்லல? அவங்க பதறிப்போயிட மாட்டாங்களா?"

"அத்தை நல்லவங்கதாம்மா. ரொம்ப நல்லவங்க. ஆனா அவங்க முன்னாடி என்னால பயப்பட முடியல." சாந்தினி மூக்கை உறிஞ்சினாள். "உன்கிட்டன்னா பயப்படலாம்ல?"

"பயப்படு ராஜாத்தி. எவ்வளவு வேணுமோ பயப்படு."

"திரும்பிப் போகச் சொல்லாதம்மா. சன்னல் இல்லாட்டிப் பரவால்ல. ஒரு துணியக் கட்டி விட்டுக்கலாம். நான் இங்கேயே இருக்கேன்."

"எங்கேயும் போக வேணாம். எவன் வந்து என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்," என்றாள் ரமணி. சொல்லிக்கொண்டே மகளின் வயிற்றில் கை வைத்தாள். ஏழு மாதமாக வைக்க ஆசைப்பட்ட கை.

கைக்குக் கீழே வயிறு கல்லாக இறுகியது.

சாந்தினி பேச்சை நிறுத்திவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் முழங்கையை இறுகப் பிடித்தாள். ரமணி அசையவில்லை. மெல்ல, மிக மெல்ல, இறுக்கம் விட்டது. இன்னும் சற்று நேரம் போனது. மறுபடியும் இறுகியது. இரண்டு பிள்ளை பெற்று, ஒன்றை மண்ணுக்குத் தூக்கிக் கொடுத்தவள் அவள். அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயத்தை முகத்தில் காட்டவில்லை.

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்," என்றாள். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "மோகன், லோரிய எடு."

"மாமா காடியில வந்துரட்டுமேக்கா..."

"லோரிய எடுன்னு சொல்றேன்ல!"

மோகனராஜ் ஓடிப்போய் லோரியைக் கிளப்பினான். மூவரும் லோரியின் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பின்னால் அலுமினியச் சட்டம் கடகடவென்று அடித்துக்கொண்டது. ரமணியின் மடியில் இருந்த சாந்தினியின் போன் விடாமல் அடித்தது. பத்து காவானிலிருந்து மாமியார் வடிவம்மாள். எடுத்துப் பேச ரமணிக்கு ஒரு கை மிச்சமில்லை. ஒரு கை மகளின் தோளைச் சுற்றியிருந்தது. இன்னொரு கை அந்த வயிற்றின் மேல் இருந்தது.

மகள் பெட்டியோடு படியிறங்கிய நாளிலிருந்து சாமியிடமும் போனிலும் கனவிலும் அவள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சொல்தான். வா, வா, வா. இன்றைக்கு அந்தப் பிள்ளை வந்து மேலே சாய்ந்திருக்கும்போது, ரமணி குனிந்து அந்த வயிற்றிடம் யாருக்கும் கேட்காத குரலில் கெஞ்சினாள்.

"வராதடா கண்ணு... இப்ப வராத."